அலுமாரிக்கு மேலே ஓர் ஓவியம்

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் ஜெசிந்தா டீச்சரின் புது வீட்டை பாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். டீச்சர் முன்பு என் மனைவி புஷ்பாவோடு ஒரே பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவர். ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, சாப்பாட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நாங்கள் ஆஜர்.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் பார்சல்களைப் பிரித்தார். ஒரு சுவர்க்கடிகாரம்... இன்னொரு சுவர்க்கடிகாரம்... டின்னர் செட். கடைசியாகத் தட்டையாக ஒன்று, கதவில் பாதி உயரம். மேலே, கொடுத்தவர் என்று டீச்சரின் பழைய பக்கத்து வீட்டு செல்வி அக்காவின் பெயர். தாளைப் பிரித்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே மழையில் நனையும் ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். கூரையில் புகை, கொடியில் காயாத துணி. கீழே மூலையில் கையெழுத்து – ஜெசிந்தா.

ஆமாம், அவர் வரைந்த படம் அவருக்கே பரிசாக வந்திருக்கிறது!

போன வருஷம் இதே ஓவியத்தை பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, சர்ச் மண்டபத்தில் நடந்த விற்பனையில் வைத்தார் டீச்சர். "ஹோட்டல் செவுத்துலதான் தேயிலை மலை தொங்கணுமா? லயத்துப் படம் லயத்துல தொங்க வேணாமா?" என்பார். அவருடைய ஆசை அவ்வளவுதான். ஆனால் எந்த சைஸ்? யோசித்து யோசித்து மூன்று போட்டார் – பிள்ளைகள் எழுதும் கொப்பி சைஸ், கலண்டர் சைஸ், பாதிக் கதவு சைஸ்.

அன்றைக்கு நானும் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். சொந்த வீட்டுக்கு என்றால் கொப்பி சைஸுக்கே தயங்கினார்கள். "சாமி படம், டிவி, அலுமாரி போக செவுரு எங்க டீச்சர் இருக்கு?" கல்யாண வீட்டுக்கு என்றால் பேச்சே வேறு. "இதவிட பெருசு இருக்குங்களா? பஸ்ஸவிட்டு எறங்கும்போதே தெரியணும்ல."

மத்தியானத்துக்குள் பெரியதெல்லாம் காலி. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

நம் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியாதா என்ன? பெரிய பார்சல் வந்தால் பிரிக்க மாட்டோம். அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். அடுத்த விசேஷம் வந்ததும் தூசி தட்டி, பெயரை மட்டும் மாற்றி... உங்கள் வீட்டில் இல்லையா? சும்மா சொல்லாதீர்கள்.

பாவம் செல்வி அக்கா! மகள் கல்யாணத்துக்கு வந்த பார்சல் அது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்ப வித்ததெல்லாம் அலுமாரி மேலதான் கெடக்குதா? ஒரு வீட்டு செவுத்துலயாவது இல்லையா?" டீச்சரின் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் மனசு கஷ்டமாகிப்போனது.

புஷ்பாதான் வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுல இருக்கே டீச்சர். கொப்பி சைஸு. லைட் சுவிச்சுக்குப் பக்கத்துல."

"சுவிச்சுக்குப் பக்கத்துலயா?"

"வேற எங்க எடம் இருக்கு? ஆனா லைட் போடுறப்பல்லாம் ஒங்க படத்ததான் பாக்குறோம்."

டீச்சர் மெதுவாகச் சிரித்தார். "சரி, இனிமே கொப்பி சைஸ் மட்டுந்தான்."

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். நமக்கென்றால் சின்னதே போதும்; ஊருக்கென்றால் பெரிதாக இருக்க வேண்டும். வாங்கும்போது நாம் அளப்பது சுவரையா, கௌரவத்தையா?

கிளம்பும்போது கவனித்தேன். டீச்சர் அந்தப் பெரிய படத்தைத் துடைத்துவிட்டு, கிஃப்ட் பேப்பரைக் கிழியாமல் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். அது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் டிவியை ஓர் ஓரமாக நகர்த்தி, சுவரில் இடம் பண்ணிவிட்டேன்... இந்த முறை அந்தப் படம் அலுமாரி மேல் ஏறாது!