சப்பாத்துக்குள் வைத்த தோல்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாதையில் நடந்து, தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் வேலை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளாங் பக்கமாகத் தினமும் ஐந்து மைல். சல்லி சரிந்த ஓரத்திலேயே பதினெட்டு வருடம் நடந்தேன். வலது கால் வில்லாக வளைந்து, முட்டியின் உட்பக்கம் எரியத் தொடங்கியது.

ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். உடம்புப் பாரமெல்லாம் முட்டியின் உட்பக்கத்திலேயே இறங்குகிறது என்றார். சப்பாத்துக்குள், குதிகாலின் வெளிப்பக்கம் உயரும்படி சரிவாகச் சீவிய தோலை வைக்கச் சொல்லிப் படம் போட்டுத் தந்தார். சீனச் சப்பாத்துக்காரர் முதலில் உட்பக்கம் உயரமாக வைத்துவிட்டார். இரண்டு நாள் உயிர் போனது. மாற்றி வைத்தபின் பாரம் கொஞ்சம் நகர்ந்தது. வலி முழுதாக விடவில்லை, ஆனால் நடக்க முடிந்தது. சப்பாத்தைக் கழற்றினால் முட்டி பழையபடி வெளியே வெட்டும்.

யார் வீட்டுக்குள் சப்பாத்தோடு போக முடியும்? ஒரு காதுகுத்து வீட்டில் வெறுங்காலோடு நடந்து, பந்தியில் சாம்பார் வாளிமேல் விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலோடு சரி.

எதிர்ப்பக்கமிருந்து பாதை பார்த்து வருபவரை நடுவழியில் தினமும் சந்திப்பேன். வெற்றிலை மாற்றிக்கொள்வோம். எனக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. மூன்று முறை வீட்டுக்கு அழைத்தார். மூன்று முறையும் அவசரம் என்று சொல்லி, அவர் மனைவி தந்த காப்பியை வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன். கடைசி முறைக்கு மறுநாள் அவர் வெற்றிலையை நீட்டவில்லை.

“உள்ள வந்தா எங்க சாதி ஒட்டிக்குமாண்ணே?” என்றார்.

அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. முட்டியைச் சொன்னால் விழுந்ததையும் சொல்ல வேண்டுமே என்று கூசி நின்றேன். அதற்குள் அவர் நடந்துவிட்டார்.

அடுத்த மாதம் அவரைக் கிளாங்குக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் கழித்து ரயிலேறிப் போனேன். உள்ளே போவதென்று முடிவு செய்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விழாமலிருக்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு முக்காலியோடு வெளியே வந்தார்.

“உங்களுக்கு எதுக்குச் சங்கடம். இங்கயே உக்காருங்கண்ணே.”

உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். காப்பியும் வெளியே வந்தது. கிளம்பும்போது தோல் விலகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தாளை மடித்து அவருக்கு அனுப்பப் போகிறேன். அவருக்கு எழுத்து தெரியாது. மகள் படித்துச் சொல்வாள்.

பிரிக்பீல்ட்ஸ்,
1934, ஐப்பசி 6.