ஒழுகிப் போன காற்றும் ஒத்துக்கொள்ளாத முதலாளியும்

எண்ணெய் ஒழுகினால் நிலத்தில் கறை தெரியும், தண்ணீர் ஒழுகினால் ஈரம் தெரியும், காற்று ஒழுகினால் மட்டும் மெக்கானிக் பொய் சொல்கிறான் என்று தெரியும்.

லொறிகளோடு மாரடித்து, அதைவிட அதிகமாக லொறிச் சொந்தக்காரர்களோடு மாரடித்த அன்பர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உலக யுத்தம் முடிந்த கையோடு பட்டாளம் தன்னுடைய பெரிய லொறிகளை ஏலத்தில் தள்ளிவிட்டது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. ஆனால் வீடு மாறப்போகிறவன் கால் உடைந்த கதிரையை அயலவனுக்குக் கொடுப்பது போல, தனக்கு வேண்டாததையெல்லாம் எங்களுக்குத் தரத் தொடங்கியிருந்தான். அந்த லொறிகளில் பிரேக் பிடிப்பது காற்று. எஞ்சின் ஓடும்போது ஒரு கம்பிரஷர் காற்றை இழுத்து இரும்புத் தாங்கிக்குள் அடைக்கும். சாரதி மிதியை அழுத்தினால் அந்தக் காற்று குழாய்களின் வழியே சில்லுகளுக்குப் போய்ப் பிரேக்கைத் தள்ளும். காற்று இல்லாவிட்டால் மிதி கால் வைக்கிற பலகைதான். இவ்வளவுதான் சங்கதி. இதை ஒரு மனிதனுக்கு விளங்கப்படுத்தக் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கராஜில் மெக்கானிக்காக நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காற்றுக்குக் கறை இல்லை

அந்த மனிதர் சின்னத்துரை முதலாளி. வெள்ளவத்தையில் வீடு, புறக்கோட்டையில் அரிசிக்கடை. ஏலத்தில் எடுத்த லொறியில் கண்டிக்கு அரிசி ஏற்றுவார், திரும்பும்போது தேயிலைப் பெட்டி இறக்குவார். சாரதி செபமாலை வத்தளைக்காரர். யுத்த காலத்தில் பட்டாள முகாமில் இதே மாதிரி லொறி ஓட்டியவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது பிரேக் சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் யோசிக்கிறது என்பதுதான்.

காற்றை நிரப்பி எஞ்சினை நிறுத்தினேன். ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் மீட்டர் முள் படுத்துவிட்டது. காற்று ஒழுகுகிறது என்றேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லொறிக்கு அடியில் குனிந்தார். நிலத்தைத் தடவினார், விரலை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, உலகம் தெரியாத பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னார்:

"எண்ணெய் போனா வாங்கி ஊத்தோணும். இது காத்துத் தானே தம்பி, கொழும்பு முழுக்கக் கிடக்குது."

நுரை செய்த குற்றம்

கண்ணால் கண்டால்தான் நம்புவார் என்றால் காட்டிவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். காற்று எங்கே போகிறது என்று பார்க்க எங்களிடம் ஒரே வழி சவர்க்காரம்தான். தண்ணீரில் கரைத்துக் குழாய்கள் பொருந்துகிற பூட்டுகளில் எல்லாம் பூசினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை ஊதிக்கொண்டு வரும். சவர்க்காரம் தட்டுப்பாடான காலம் அது. முதலாளி கடையிலிருந்து தேய்ந்துபோன ஒரு துண்டைக் கொடுத்தனுப்பினார். அதில் ஏற்கனவே யாரோ குளித்திருந்தார்கள்.

நான் தூரிகையால் பூசப் பூச, கொட்டாஞ்சேனையில் வேலை இல்லாதவர்களும், வேலை இருந்தும் போகாதவர்களும் சுற்றி நின்றார்கள். தாங்கியின் பூட்டில் ஒரு குமிழி. மிதிக்குக் கீழே உள்ள வால்வில் ஒரு குமிழி. முன்சில்லுக்குப் போகிற ஹோஸில் சின்னச் சின்னதாக ஒரு கூட்டம். பின்சில்லில் பிரேக்கைத் தள்ளுகிற டயபிரம் என்ற ரப்பர்த் தட்டு இருக்கும் சட்டியைச் சுற்றித் தேங்காயளவு நுரை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கில் வென்றுவிட்டேன் என்று முதலாளியைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. சுற்றி நின்றவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"நீர் சவர்க்காரம் பூசும் வரைக்கும் இந்த லொறியில ஒரு ஓட்டையும் இருக்கேல்லையே?"

தோட்டக் குழாய்

புது ஹோஸும் புது டயபிரமும் பட்டாளச் சாமான் விற்கிற கடையிலேயே கிடந்தன. அதைச் சொன்னேன். முதலாளி பெருந்தன்மையோடு ஹோஸை மட்டும் தானே கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். கொண்டும் வந்தார். வெள்ளவத்தை வீட்டில் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுவும் குழாய், இதுவும் குழாய் என்பது அவர் வாதம். தண்ணீரே போகும்போது காற்றுப் போகாதா என்று வேறு கேட்டார்.

வாதாடிப் பயனில்லை என்று பூட்டினேன். பூட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கெட்ட எண்ணமும் எனக்கு இருந்தது. எஞ்சின் ஓட ஓடக் குழாய் எலி விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் வீங்கியது. பிறகு வெடித்தது. சத்தத்தில் பக்கத்துக் கோயில் கூரைப் புறாக்கள் எல்லாம் எழுந்தன. முதலாளி சால்வையைக் கீழே போட்டுவிட்டு வாசல்வரை ஓடினார். எங்கள் வெல்டிங் வேலைக்காரர் காதர் நானா, மூலையில் வேலை செய்துகொண்டிருந்தவர், நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"யுத்தம் முடிஞ்ச எண்டு தானே தம்பி சென்னாங்க?"

வாயை மூடிய பஸர்

அந்த லொறிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தாங்கியில் காற்று குறைந்தால் சாரதியின் காதுக்குப் பக்கத்தில் ஒரு பஸர் கத்தும். காற்று ஏறும்வரை நிற்காது. செய்தவன் மனிதருடைய குணம் தெரிந்து செய்திருக்கிறான். ஆனால் எங்கள் முதலாளிமாரின் குணம் அவனுக்குத் தெரியாது.

வெடித்த குழாய்க்குப் பதிலாகப் பழைய ஹோஸையே துணி சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தேன். அதற்குமேல் செய்ய முதலாளி சம்மதிக்கவில்லை. அடுத்த கிழமை அவரே வந்து, பஸர் வழி நெடுகக் கத்துகிறது, கேட்கிறவர்கள் லொறியில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள் என்று குறைப்பட்டார். கோளாறு இருப்பதால்தான் கத்துகிறது என்றேன். சரி, கத்தாமல் செய்யும் என்றார். ஓட்டையை அடைத்தால் கத்தாது என்றேன். ஓட்டை இருக்கட்டும், கத்தாமல் செய்யும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தத் தொழிலில் நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்த வேலை அது ஒன்றுதான்.

மற்றக் கிழமை லொறி வந்தபோது பஸருக்குப் போகிற வயர் வெட்டப்பட்டிருந்தது. கத்தியால் வெட்டியதில் நல்ல சுத்தமான வேலை. செபமாலை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு மட்டும் நல்ல உற்சாகம்:

"இப்ப பாரும், பிரேக் திறம். ஒரு சத்தமும் இல்லை."

வளைவுகள்

இதுவரைக்கும் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஒரு நாள் தேநீர்க் கடையில் செபமாலையோடு இருந்தபோது, கண்டியிலிருந்து இறங்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கடுகண்ணாவை இறக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் ஒன்றுமே இல்லை. செபமாலை முதல் கியரில் போட்டு எஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்குவாராம். மிதித்தால் காற்றுச் செலவாகும் என்பதால் மிதிப்பதில்லையாம். எந்த வளைவில் மிதிக்காமல் திரும்பலாம், எந்த வளைவில் கட்டாயம் மிதிக்க வேண்டும் என்று பாடமாக்கி வைத்திருந்தார். மிதிக்கிற வளைவில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலாளி மீது வந்த கோபத்தைச் செபமாலைமீது கொட்டினேன். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு லொறியில் ஏறலாமா, நாளைக்கே இறங்கிவிடுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் தேநீரை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்:

"முகாமுல லொறி ஓட்டின ஆக்கள் எல்லாம் வேலை இல்லாம நிக்கிறாங்க அண்ணே. நான் எறங்கினா அடுத்தவன் ஏறுவான். அவனுக்கு வளைவு தெரியாது."

முதலாளியின் மரியாதை

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாரம் ஏற்றி ஓடும்போது பார்த்தால்தான் ஓட்டை பிடிபடும் என்று முதலாளிக்கு ஒரு கதை விட்டு, அடுத்த பயணத்தில் நானும் லொறியில் ஏறினேன். அவர் எப்போதும் தன்னுடைய சின்னக் கறுப்புக் காரில் கூடவே வருவார், கண்டியில் கணக்கு வழக்குப் பார்க்க. போகும்போது அவர் கார் முன்னால். தேயிலைப் பெட்டி ஏற்றித் திரும்பும்போதும் அவர் கார் முன்னால். கடுகண்ணாவை உச்சிக்கு வந்ததும் கார் ஓரம் கட்டியது. முதலாளி இறங்கி நின்று, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். எங்களுக்கு வழி விடுகிறாரே, என்ன மரியாதை என்று நினைத்தேன். ஒவ்வொரு பயணமும் இப்படித்தான் என்றார் செபமாலை.

இறங்கத் தொடங்கினோம். மீட்டர் முள் எங்களுக்கு முன்னே இறங்கியது. பாதி வழியில் ஒரு திருப்பத்துக்கு அப்பால் மாட்டுவண்டி ஒன்று, வண்டிக்காரன் நித்திரை. செபமாலை மிதித்தார். மிதி நிலத்தைத் தொட்டது, லொறி கேட்கவில்லை. நான் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன், செபமாலை லொறியை மலைப் பக்கம் சாய்த்தார். மண்ணைக் கிழித்துக்கொண்டு போய், மாட்டின் வாலுக்குப் பக்கத்தில் நின்றது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன். செபமாலை சிலுவை போட்டுக்கொண்டார். கைப்பிரேக்கின் கருகல் மணம் அடங்கிய பிறகு, வளைவுக்கு மேலேயிருந்து கறுப்புக் கார் மெல்ல மெல்ல வந்தது. நான் நேரே போய், இறக்கத்தில் மட்டும் ஏன் பின்னால் வருகிறீர்கள் என்று கேட்டேன். முதலாளி கொஞ்சமும் தடுமாறவில்லை:

"உங்களுக்கு ஒண்டு நடந்தா உதவிக்கு ஆள் வேணும் தானே தம்பி?"

புகை

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் விளங்காத மனிதனுக்கு விளங்கப்படுத்துகிறேன் என்றல்லவா நினைத்தேன்? அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக விளங்கியிருந்தது. காற்று ஒழுகுவது தெரியும், பிரேக் பிடிக்காதது தெரியும், அது எந்த இடத்தில் பிடிக்காது என்பதும் தெரியும். அவ்வளவும் தெரிந்த மனிதர் காரை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்திருந்தார். லொறிக்குத்தான் பிரேக் இல்லை, அவருக்கு நன்றாக இருந்தது. திரும்பி வரும் வழியில் நான் இதைச் செபமாலையிடம் சொன்னேன். அவர் கொழும்பு வரும்வரை வழியை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அடுத்த பயணம் காலையில் எங்கள் கராஜ் வாசலிலிருந்து புறப்பட்டது. லொறியில் அரிசி மூட்டை நிறைய. காரில் முதலாளியோடு அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், கண்டியில் ஒரு கலியாண வீட்டுக்கு. செபமாலை லொறியில் ஏறவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். காதர் நானாவும் நானும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். மனுஷர் குரலை உயர்த்தவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டு வந்தவரின் குரல் அது. "முதலாளி, ஒரே ஒரு சொல்லுத்தான். வரக்குள்ள கடுகண்ணாவையில நீங்க முன்னுக்கு எறங்குங்க. நான் பின்னுக்கு வாறேன். அப்பிடின்னா இப்பவே ஏறுறேன்."

முதலாளி லொறியின் முன்பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பட்டாள லொறியின் மூக்கு அவர் காரின் கூரைக்கு மேலே நின்றது. பின்ஆசனத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். வேறு சாரதி இல்லையா என்று கேட்க வாய் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் காதர் நானாவைப் பார்த்தேன். ஒன்றும் அறியாத அவர் மனைவிதான் கார் ஜன்னலால் தலையை நீட்டி நல்ல மனதோடு சொன்னார்:

"ஓமப்பா, அவர் சொல்லுறது நல்லது தானே. பின்னால வந்தாப் பிள்ளையளுக்கு லொறிப் புகை."

அன்று மத்தியானத்துக்குள் மூட்டைகள் இறங்கி, புது ஹோஸும் புது டயபிரமும் புது வால்வும் வெட்டிய வயருக்குப் புது வயரும் முதலாளியின் காரிலேயே வந்து சேர்ந்ததால், காற்று ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சவர்க்காரம் போதும் என்றாலும், அதை அடைக்க வைப்பதற்கு முதலாளியின் குடும்பத்தை லொறிக்கு முன்னால் விடுவதைவிடச் சிறந்த கருவி இன்னும் வரவில்லை என்பது என் தொழில் அனுபவம்.