துரைசானிப் பாட்டு

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலைதான் வந்து சொன்னாள். தலைக் கூடையை இறக்கக்கூட இல்லை. "யக்கா, நம்ம மேனேஜர் நைனா பூட்டாரு யக்கா. விடிகாலைல. ராவெல்லாம் மூச்சு வாங்கிகினே இருந்தாராம், அப்படியே அடங்கிடுச்சாம்" என்றாள்.

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. இந்த வயதில் எத்தனை சாவுக்குத்தான் போவது? புடவையை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அவளோடு நடந்தேன்.

சவரிமுத்து அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த பழைய தியேட்டருக்கு அவர் மேனேஜர். நான் அங்கே பெண்கள் பக்கத்து டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். ஊரே அதைக் கொட்டகை என்றுதான் சொல்லும். அவர் காதில் விழுந்தால் போச்சு. "கொட்டகைன்றது கீத்துல போடறது. இது தியேட்டர்!" என்பார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. வெள்ளைக்காரர்கள் நாடகம் போடுவதற்கென்று கட்டிய கட்டடம் அது. பளிங்குப் படிகள், பர்மாத் தேக்கில் பால்கனி, சிவப்பு வெல்வெட் திரை, கூரை ஓரமெல்லாம் சுண்ணாம்பில் செய்த இறக்கை முளைத்த குழந்தைகள். உப்புக்காற்றில் குழந்தைகளுக்கு மூக்கு உதிர்ந்துவிட்டது. வெல்வெட்டில் புறா எச்சம். அதெல்லாம் அவர் கண்ணில் பட்டதாகவே தெரியாது.

யுத்த காலத்தில் அங்கே சோல்ஜர்களுக்காக ஜாஸ் கச்சேரி நடப்பதுண்டு. ஒருமுறை கல்கத்தாவிலிருந்து ஒரு பாடகி வந்தாராம். சவரிமுத்து அவர்கள் திரைக் கயிற்றைப் பிடித்தபடி மேடையோரம் நின்று கேட்டிருக்கிறார். அந்தக் கதையை அவர் சொல்லாத வாரம் கிடையாது. "நம்ம ராஜபார்ட்டுக்காரன் தெருக்கோடி வரைக்கும் கத்துவான். இந்தம்மா கத்தவே இல்ல. மைக்கப் புடிச்சிகினு ரகசியம் சொல்ற மாதிரி பாடிச்சு. கடைசி பெஞ்சுல குந்திகினு இருக்கறவனுக்கும் அவன் காதுல சொன்னாப்போல கேட்டுச்சு. இந்த ஹாலு அதுக்குன்னே கட்டினதும்மா" என்பார்.

யுத்தம் முடிந்தது, தியேட்டரில் சினிமா ஓட்டத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் யாரும் எடுக்காமல் கிடந்த சரக்குகளை ஏலம் விட்டார்கள். படத்துக்கு முன்னால் போட ரெகார்டுகள் வேண்டும் என்று முதலாளி இவரை அனுப்பினார். சோல்ஜர்களுக்கென்று கப்பலில் வந்து, அவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் தேங்கிக் கிடந்த ஒரு பெரிய மரப்பெட்டியை இவர் எடுத்துவந்தார். திறந்தால், வைக்கோலுக்குள் அடுக்கடுக்காக ரெகார்டுகள். அத்தனையும் ஒரே ரெகார்டு! ஒரு பக்கம் ஓர் அமெரிக்கப் பெண் மெதுவாகப் பாடிய பாட்டு. மறுபக்கம் வெறும் ஊதல்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "உன்னைப் போய் ஏலத்துக்கு அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!" சவரிமுத்து அவர்கள் கிராமபோனைத் திறந்தார். ஒன்றை எடுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "இருக்கட்டும் மொதலாளி. தேயத் தேய மாத்திக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் அதே பாட்டு. மற்ற இடங்களில் சாமி பாட்டுப் போட்டால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம், எங்களிடம் இது. முதலில் ஜனங்கள் விசிலடித்தார்கள், வேர்க்கடலைத் தோலை எறிந்தார்கள். பிறகு பழகிப்போயிற்று. கூரை ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கிளம்பியதும், "துரைசானிப் பாட்டு போட்டாச்சு, எழுந்து வாடி" என்று பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்கள். "துரைசானி இல்லம்மா அது. நம்மளாட்டம் கறுப்புதான், போட்டோல பாத்துக்கீறேன்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அது நல்ல சகுனம் என்றாகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். அது என்ன பாட்டு என்று ஒருநாள் நான் கேட்டேன். "போனவன் வரமாட்டான்னு தெரிஞ்சும் ஒருத்தி வெளக்க அணைக்காம குந்திகினு கீறா. இதப் போயி கல்யாணத்துக்குக் கேக்குறாங்க!" என்று சிரித்தார். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்.

அரக்கு ரெகார்டு சீக்கிரம் தேயும். நாளாக ஆகக் குரல் கரகரக்கும். "அம்மாவுக்குச் சளி புடிச்சிகினு கீது நைனா, கசாயம் குடு" என்று தரை டிக்கெட்டிலிருந்து அஞ்சலை குரல் கொடுப்பாள். மறுநாள் இவர் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போடுவார். குரல் மறுபடி குமரிப்பெண்ணுடையதாகிவிடும். மனுஷருக்கும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் தேவலை என்று நான் நினைத்ததுண்டு.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் மரத்துப்போயிருக்கும் நேரத்தில் இந்த அழுகை வேறா என்று அலுத்துக்கொள்வேன்.

வருஷங்கள் ஓடின. பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியபோது அதை அவர் தொடவில்லை. பழுப்புக் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, உப்புக்காற்று பட்டுவிடுமாம். "இது தியேட்டருக்கும்மா. என்னிக்காவது இத மூடினாங்கன்னா, அன்னிக்கு அவ புதுசாப் பாடணும். இந்த ஹாலு ஒருவாட்டி நல்லாக் கேட்டுக்கட்டும்" என்றார்.

அதனால் அதற்கு முந்தைய ரெகார்டையே ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் பாதியில் ஊசி சிக்கிக்கொள்ளும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். "தள்ளு நைனா!" என்று ஹாலே கத்தும். அவர் ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டுவார், பாட்டு நகரும். அதற்காகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாடியில் மெஷின் பக்கத்தில் நின்றார். ரயில் பாதையிலிருந்து வரும் நிலக்கரிப் புழுதியில் நெஞ்சு கெட்டுப்போய், படியேறினால் மூச்சு வாங்கும் மனுஷர். "அந்தக் கடைசி ரெகார்டைத்தான் போட்டுத் தொலையுங்களேன் சார்" என்று சண்டை பிடித்தேன். அவர் கேட்கவில்லை.

போன வருஷம் முதலாளி கட்டடத்தை ஒரு மண்டிக்காரருக்குக் கிடங்காக விற்றுவிட்டார். கடைசி நாள், மாலை ஆட்டம். பால்கனியிலும் தரையிலும் இடமில்லை. சவரிமுத்து அவர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். பெட்டியின் முன் மண்டிபோட்டு, காகிதப் பொட்டலத்தை இரண்டு கையாலும் தூக்கினார். உள்ளே ஏதோ நறுக்கென்றது. பிரித்தால் ரெகார்டு இரண்டு துண்டு. மேலே அடுக்கியிருந்த அத்தனை ரெகார்டுகளின் பாரமும் அடியில் கிடந்த அதன்மேல்தான் இறங்கியிருக்கிறது. எப்போது விரிசல் விட்டதோ, யாருக்குத் தெரியும்?

அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு காகிதத்திலேயே மடித்துவிட்டு, பழைய ரெகார்டைச் சுழலவிட்டார்.

அன்று குரலே இல்லை, வெறும் இரைச்சல். அதற்குள் எங்கோ அந்தப் பெண். சத்தம் போட்டால் அதுவும் கேட்காது. ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த ஹால் முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்டது. சிக்கும் இடம் வந்தது. யாரும் கத்தவில்லை. அவரும் விரலைக் கொண்டுபோகவில்லை. அதே அடி சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் கீழேயிருந்து அஞ்சலைதான், "வுடு நைனா. தள்ளு" என்றாள், தாய் பிள்ளையிடம் சொல்வதுபோல. அவர் தட்டினார்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நெஞ்சு நோவும் குறையவில்லை. நேற்று மத்தியானம் மாதாகோயில் சவ வண்டியில்தான் அந்த வழியாகப் போனார். தியேட்டர் வாசலில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டு ஒரு லாரி பாதையை அடைத்து நின்றது. வண்டி நின்றது. நாங்களும் வெயிலில் நின்றோம்.

என் பக்கத்தில் அஞ்சலை மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு முனகத் தொடங்கினாள். வார்த்தை அவளுக்கும் தெரியாது, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மெட்டு மட்டும்தான். பின்னால் வந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவரும் நின்று சேர்ந்தார். பாதியில் சிக்கும் இடம் வந்தது. அவர்கள் பாட்டை அப்படித்தானே கற்றிருந்தார்கள்? அதே அடியைத் திரும்பத் திரும்ப முனகினார்கள். யாருக்கும் மேலே போகத் தோன்றவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலையின் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. முன்னால் போய், சவப்பெட்டியின் மூடியில் ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டினேன்.

பாட்டு நகர்ந்தது.

போய் வாருங்கள் சார். எனக்கு இன்னமும் அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து அதைத்தான் முனகிக்கொண்டிருக்கிறேன்.