பன்னிரண்டரை மணிக்குத் தொங்கியவன்

சைட்டில் என்னைத் தூரத்தில் பார்த்தாலே எல்லோரும் ஹெல்மெட்டைத் தேடுவார்கள். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலைக்குக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தோம். நான் அங்கே சேஃப்டி ஆபீசர். எனக்கு முன்கோபம் உண்டு, குரலும் பெரிது. இந்த வேலைக்கு வேறு தகுதியே வேண்டாம் என்று நினைத்திருந்த காலம் அது.

கோடை முழுக்க என் கோபத்துக்கு ஒரே நேரம்தான், பகல் பன்னிரண்டரை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை யாரும் வெயிலில் வேலை செய்யக் கூடாது, இங்கே அது சட்டம். ஆய்வாளர் வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தினமும் காலையில், வேலை தொடங்குமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தொண்டை கிழியக் கத்துவேன். "விசில் அடிச்சா அவ்வளவுதான்! பாதி முறுக்குன போல்ட்டா? பாதியிலயே விடு. வேலை எங்கயும் ஓடிப் போயிடாது!" பக்கத்தில் நிற்கும் பாகிஸ்தானி ஃபோர்மேன் இதையே இந்தியில், என்னைவிடச் சத்தமாகச் சொல்வார்.

இந்த விசிலில் மாட்டியவன் ஒருவன் இருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், சாரம் கட்டுகிறவன், கிட்டத்தட்ட என் வயது. உயரத்தில் பாதுகாப்புக் கொக்கி மாட்டாமல் நின்றான் என்று அவனுக்கு முதல் எச்சரிக்கை லெட்டர் கொடுத்தேன். விசில் அடித்து மூன்று நிமிடம் கழித்தும் ஒரு கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தான் என்று இரண்டாவது. மூன்றாவது வந்தால் ஊருக்கு டிக்கெட். "வீட்டுல மாசமா இருக்கா சார். இப்பப் போயி வேலை இல்லன்னு எப்படி நிப்பேன்?" என்றான். "அப்போ ஒழுங்கா இரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அன்று என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த ஜூலையில் மீட்புப் பயிற்சி நடத்த வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து தவறியவன் இடுப்பிலும் தொடையிலும் வார்கட்டிய ஹார்னஸில் தொங்குவான். தொடை வார் ரத்தத்தை அடைத்துவிடும் என்பதால் சில நிமிடங்களில் அவனை இறக்கியாக வேண்டும். பயிற்சிக்கு வரவேண்டிய பொம்மை வரவில்லை. மறுநாள் தணிக்கை, போட்டோ வேண்டும். "பொம்மை என்ன பொம்மை, நானே தொங்குறேன்" என்றேன். எடை தொண்ணூற்று நான்கு கிலோ என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டே காலுக்குத் தொடங்கினோம். பத்து நிமிடத்தில் முடியும் என்பது என் கணக்கு. "நான் கத்துவேன், கெட்ட வார்த்தைகூட வரும். எல்லாம் நடிப்பு, பயப்படாதீங்க" என்று குழுவுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு ஆள் உயரத்தில் கப்பியிலிருந்து தொங்கினேன். கயிறு சிக்கிக்கொண்டது. அதைப் பிரித்து, கயிற்றுப் பூட்டைச் சரிசெய்து, மேலே நின்றவன் என்னை இறக்கக் கைவைக்கிற நேரத்தில் ஃபோர்மேன் விசிலை ஊதினார்.

"சாடே பாரா! கலாஸ்! யல்லா, யல்லா!" பன்னிரண்டரை ஆச்சு, வேலை முடிஞ்சது, கிளம்பு கிளம்பு என்று அர்த்தம்.

மேலே நின்றவன் கயிற்றை அப்படியே பூட்டிவிட்டு இறங்கினான். கீழே நின்ற மூவரும் கையிலிருந்த சாமான்களைத் தரையில் வைத்தார்கள். நான்கு பேரும் நிழற்கூடாரத்தை நோக்கி ஓடினார்கள். பாதி வேலையைப் பாதியிலேயே விடச் சொன்னது நான். அந்தப் பாதி வேலை இப்போது நான்.

"டேய்! எறக்குங்கடா!" என்று அலறினேன். கூடாரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். "சூப்பர் ஆக்டிங் சார்!" வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் கொட்டினேன். கைதட்டல் பலமானது. ஒருவன் மோர் பாக்கெட்டைக் கடித்துக்கொண்டே போனில் வீடியோ எடுத்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க உடம்பு ராட்டினம் போலச் சுற்றியது. சுற்றி முடித்தபோது கால் மரத்திருந்தது. பயம் அப்போதுதான் வந்தது.

கூடாரத்திலிருந்து ஒருவன் மட்டும் எழுந்து வெயிலுக்குள் வந்தான். புதுக்கோட்டைக்காரன்.

"சார், நடிப்பா, நெசமா?"

"நெசம்டா! காலு ரெண்டும் செத்துப்போச்சு!"

"வெயில்ல ஏறுனா மூணாவது லெட்டர் சார்."

"தர மாட்டேன்! சத்தியமா தர மாட்டேன்!"

அவன் ஏணிக்குப் போகவில்லை. ஸ்டோர் கன்டெய்னருக்குப் போய் ஒரு ஹார்னஸோடு வந்தான். தையலைப் பார்த்தான். கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தான். மாட்டிக்கொண்டு, வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"ஹார்னஸ் மயிரு வேணாம், சும்மா ஏறுடா!" என்று கத்தினேன்.

அவன் நின்று, அண்ணாந்து என்னைப் பார்த்தான். "முடியாது சார். நானும் விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் யாரு எறக்குறது?"

கொக்கி மாட்டித்தான் ஏறினான். பூட்டைத் தளர்த்திக் கயிற்றை விட்டான். தரையில் சாக்கு மூட்டையாய் இறங்கி உட்கார்ந்தேன். காலில் ரத்தம் ஓடத் தொடங்கியபோது ஆயிரம் எறும்பு கடித்தது. வலியில் சிரித்தேன், அவனும் சிரித்தான். அப்புறம்தான் கூடாரத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்து, எல்லோரும் தண்ணீரோடு ஓடிவந்தார்கள்.

வீடியோ எனக்கு முன்பே மேனேஜரிடம் போயிருந்தது. "பன்னிரண்டு நாற்பதுக்கு வெயில்ல ஆள் ஏறியிருக்கான். ஏற்கெனவே ரெண்டு லெட்டர். மூணாவதை அடிங்க" என்றார். உயிரைக் காக்கிற அவசர வேலைக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்றேன். "என்ன அவசரம்? நீங்கதான் பயிற்சின்னு எழுதியிருக்கீங்களே" என்றார்.

அவசரம் என்று எழுதினால் அது விபத்து. விபத்து என்றால் காரணம் யார் என்று எழுத வேண்டும். பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வீடு உண்டு, வாடகை உண்டு. கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் முன்பு பயிற்சியைத் தொடங்கியது என் தவறு. அலறினால் நம்பாதே என்று சொல்லிவைத்தது என் தவறு. ஹார்னஸ் இல்லாமல் ஏறச் சொன்னேன், அவன் மறுத்தான்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "இந்தக் கடைசி வரி தேவையா?"

"அதுதான் சார் நடந்தது."

சாயங்காலம் தங்குமிடத்துக்குத் திரும்பும் கேம்ப் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"லெட்டர் அடிச்சாச்சாமே சார்?"

"அடிச்சாச்சு. எனக்கு."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். சிரிப்பு ஓய்ந்ததும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"லெட்டரை வாங்கிக் கையெழுத்துப் போடுறப்போ கை நடுங்குச்சா சார்?"

"நடுங்குச்சு."

"எனக்கும் ரெண்டு தடவையும் நடுங்குச்சு" என்றான். "நீங்கதான் பாக்கல."