திருநீற்று நெற்றி

கொக்குவில் வீட்டில் மனைவி காய்ச்சலோடு படுத்திருந்தாள். கையை வைத்தால் சுட்டது. ஆனால், நெற்றிக்கு நேரே பிடிக்கிற என் புதிய வெப்பமானி தொண்ணூற்றாறு என்றே காட்டியது. பற்றரியை மாற்றினேன். அதன் கண்ணாடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடியும் பிடித்தேன். அதே தொண்ணூற்றாறு.

"இது உதவாத சாமான்!" என்று கத்தினேன்.

"உதோடை ஏன் சண்டை பிடிக்கிறியள்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

எரிச்சலோடு பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தேன். நெற்றி சுத்தமாக, உலர்ந்து இருக்கவேண்டுமாம். அப்போதுதான் பார்த்தேன். காய்ச்சல் என்பதால் காலையில் அவள் வழக்கத்தைவிடத் தடிப்பாகக் குழைத்துப் பூசியிருந்த திருநீறு. முப்பது வருடமாக அந்த நெற்றியை நான் திருநீறில்லாமல் கண்டதேயில்லை. அதனால்தான் அது கண்ணில் படவில்லை.

ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரும்வரை பக்கத்தில் இருந்து, பிறகு பிடித்தேன். நூற்றிரண்டு.

காய்ச்சலுக்கு ஒரு குளிசையை விழுங்கக் கொடுத்தேன். கோயில் வாசலை மிதிக்காத நான், திருநீற்றைக் குழைத்து அவள் நெற்றியில் மூன்று குறி இழுத்தேன்.

"கோணலாத்தான் இழுத்திருப்பியள்," என்றாள், கண்ணை மூடியபடியே. "இருக்கட்டும்."