ஆறு சொட்டுப் பெற்றோல்

புலம்பெயர்ந்து வந்த ஹவுகெட்டோவில் எங்கள் கராஜ் வாசலில், மகளும் நானும் வெட்டி ஒட்டிய பழைய ரோட்ஸ்டர் கார் நிற்கிறது. எஞ்சின் வெளியே தெரிவதுதான் அழகென்று அவள் பொனற் மூடியைப் பூட்டவில்லை. முதல் ஸ்டார்ட்டுக்காகக் காபுரேற்றர் வாயில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மணம் எழுந்தது.

ஊரில் அப்பாவின் காருக்கும் பொனற் இல்லை. போர்க்காலப் பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. நின்றால், காபுரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டால்தான் மறுபடி கிளம்பும். ஒருநாள் தம்பி பின்சீற்றில் காய்ச்சலில் அனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வெட்டவெளியில் நின்றுவிட்டது. தலைக்கு மேலே இராணுவ ஹெலிகொப்டர் சுற்றியது.

“ஆறு சொட்டுத்தான் பிள்ளை. சிந்திப்போடாதை,” என்றார் அப்பா. போத்தலில் அவ்வளவுதான் இருந்தது. எண்ணி எண்ணி விட்டேன்.

“அம்மா, ஏன் எண்ணுறீங்கள்? ஊத்துங்கோ, கான் நிறையப் பெற்றோல் கிடக்கு!” என்றாள் மகள்.

ஊற்றினேன். எஞ்சின் உறுமியது. அவள் துள்ளிக் குதித்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.