கோட்டுச்சேரிமேட்டில் ஒரு டெரிலின் சட்டை

கோடை விடுமுறை தொடங்கிப் பத்து நாளாகியும் மகன் குமரன் வீடு திரும்பவில்லை. காரைக்கால் கல்லூரி நண்பர்களோடு கடற்கரையில் மரம் வளர்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அவன் தாய் மறைந்தபின் மாயவரம் வீட்டில் நான் ஒருவனே. எனவே, 1984 மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று அவனை அழைத்துவரக் கிளம்பினேன்.

காலை ஏழு மணிப் பேருந்து. கட்டணம் மூன்று ரூபாய். கோட்டுச்சேரியில் இறங்கி வாடகை சைக்கிளில் கிழக்கே சென்றால் அரை மணியில் கோட்டுச்சேரிமேடு. மீனவக் குடியிருப்பு முடிந்ததும் மணல்மேட்டில் பூவரசங்கன்றுகள் வரிசையாக நின்றன. குமரனும் நண்பர்களும் அவற்றுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தனர். அந்த வேலைக்கும் அனைவரும் பளபளக்கும் புதுச் சட்டையில்தான் வந்திருந்தனர்.

"எல்லாம் பாரீஸ் சரக்குங்க ஐயா," என்றான் அந்துவான். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்துப் பிள்ளை. "ஆகஸ்ட்ல சித்தப்பா அடுத்த பெட்டி கொண்டாருவாரு. அதுக்குள்ள இதெல்லாம் பழசாயிடும்."

"பழையதை என்ன செய்வீர்கள்?"

"வீணாக்க மாட்டோம்பா," என்று கன்றுகளைப் பெருமையோடு காட்டினான் குமரன். தை மாதம் நட்டபோதே சட்டைகளைக் கீற்றாகக் கிழித்து, கன்றுகளை முட்டுக்கழியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாவது கன்றில் நீலக் கோடு போட்ட துணி. தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த டெரிலின்.

"காலர் ரொம்பப் பெரிசுப்பா. யாரும் இப்ப போடறதில்லை."

நான் குனிந்து பார்த்தேன். செயற்கை இழையல்லவா, துணி நைந்திருக்கவில்லை. பருத்த தண்டில் பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தது. அடுத்த கன்றிலும் அப்படியே.

"காத்துக்கு அறாதுன்னுதானே கட்டினோம்…" குமரனின் குரல் இறங்கிவிட்டது.

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சிரித்தார். "கயித்துக்கா இங்க பஞ்சம்? தொரை வூட்டுப் புள்ளைங்க, மரத்துக்கும் சட்டை போட்டுப் பாத்திருக்குதுங்க!" சிரித்துக்கொண்டே ஒரு சுருள் தென்னங்கயிற்றை எறிந்தார்.

மாலை வரை பேனாக்கத்தியால் முடிச்சுகளை அறுத்தோம். ஒரு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, கயிற்றால் மறுபடி கட்டினோம். ஆறு கன்றுகள் பிழைப்பது சந்தேகம். அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்தான் குமரன்.

"இந்த வாரம் பாத்துட்டு வரட்டுமாப்பா?"

"முடிந்தபோது வா," என்றேன். அன்றே வரச் சொல்லத்தான் போயிருந்தேன்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் போய்விடுங்கள், மேட்டில் நிழல் கிடையாது. கன்று கட்ட நினைத்தால் தென்னங்கயிறு போதும். மாயவரத்துக்குக் கடைசி வண்டி எட்டரைக்கு, ஞாயிறன்று கூட்டமிராது. இருவர் அமரும் இருக்கையில் சன்னலோரம் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் கைப்பையை வைத்துக்கொண்டேன். மாயவரம் வரை அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.